மதியம் 3 மணிக்கும் உட்கார முடிகிற நூலகம்!

ஒரு கிராமம் புறநகராக மாறப்போகிறது என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. முதலில் வயல் நடுவே கலர் கொடிகளோடு 'மனைகள் விற்பனைக்கு' போர்டு வரும். அடுத்து தண்ணீர் லாரி. அதன் பின்னாலேயே பேக்கரி, மெடிக்கல் ஷாப், டியூஷன் சென்டர், ஜிம் எல்லாம் வரிசையாக வந்து சேரும். பத்து வருடத்தில் ஊர் மூன்று மடங்கு பெருத்துவிடும். நூலகம் மட்டும் அதே பழைய வாடகைக் கட்டடத்தில், அதே இரண்டு மர பெஞ்சோடு, நாளிதழ் படிக்க வரும் பெரியவர்களை நம்பிக் கதவைத் திறந்துகொண்டிருக்கும்.

ஆனால் அங்கே வருகிறவர்கள் மாறிவிட்டார்கள். எந்தக் கிளை நூலகத்துக்குள் எட்டிப்பார்த்தாலும், மூலையில் ஒரு பெண் போட்டித் தேர்வுப் புத்தகங்களோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். புத்தகங்கள் அவளுடையவை. தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸ், செல்போன் சார்ஜர் எல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. நூலகத்திடம் அவள் கேட்பது ஒரு மேஜை, ஒரு ஃபேன், கொஞ்சம் அமைதி. வீட்டில் ஒரே அறை, அதில் டி.வி., தம்பி, தங்கை, வந்துபோகும் உறவினர்கள் என்றால் அவள் வேறு எங்கே போவாள்?

காலை 10 மணிக்கு அவளால் படிக்க முடிகிறது. பிரச்னை, மதியம் 2 மணிக்கு மேல் தொடங்குகிறது. மே மாதம், மேலே வெறும் கான்கிரீட் கூரை, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். மின்சாரமும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். 3 மணிக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். தேர்வுக்கு இன்னும் 40 நாள்தான் இருக்கிறது என்றால், அந்த ஒவ்வொரு மதியமும் அவளுக்கு இழப்பு.

வளரும் ஊருக்குப் புதிய நூலகம் கட்டும்போது 'சுற்றுச்சூழலுக்கு உகந்த பசுமைக் கட்டடம்' என்று திறப்பு விழா பேனரில் போடுவது இப்போது வழக்கம். மாடியில் நான்கு சோலார் பேனல், வாசலில் நான்கு பூந்தொட்டி வைத்தால் பசுமை வந்துவிட்டது என்ற நினைப்பும் இருக்கிறது. உண்மையான பரீட்சை அந்தப் பெண்தான். மே மாதம் மதியம் 3 மணிக்கு, கரன்ட் இல்லாதபோதும், அவளால் உள்ளே உட்கார்ந்து படிக்க முடிகிறதா?

10 காசு உரிமை

இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. தமிழ்நாட்டில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார்கள். வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. ரசீதை நிதானமாகப் படிக்கிறவர்களுக்கு மட்டுமே இது தெரியும். 1948-ல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டம் போட்ட வழி இது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். அடுக்குமாடிகள் பெருகப் பெருக இந்த வரியும் பெருகுகிறது. ஆக, ஊர் வளர்ந்தால் நூலகமும் வளர்வதற்கான விதை சட்டத்திலேயே இருக்கிறது.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளை உலகம் முழுக்க நூலக மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதில் ஐந்தாவது விதி: நூலகம் என்பது வளரும் உயிர்.

அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் ஒரு நடமாடும் நூலகம் கிளம்பியது. மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி, கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். பெட்ரோல் கிடையாது, கட்டடம் கிடையாது, மின்சாரமும் கிடையாது. சூழலுக்குத் தீங்கில்லாத நூலகம் என்று இன்று பேசுவதை 90 வருடங்களுக்கு முன்பே இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு போயிருக்கின்றன.

யோசித்துப் பார்த்தால், நூலகம் என்ற ஏற்பாடே சிக்கனத்தில் பிறந்ததுதான். ஒரு புத்தகத்தை நூறு பேர் படிக்கிறார்கள். ஒரு ஃபேனுக்குக் கீழே ஆறு பேர் உட்காருகிறார்கள். அவர்கள் வீட்டில் ஆறு ஃபேன்கள் ஓய்வெடுக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தை நாள் முழுக்க ஏ.சி. ஓடினால்தான் உள்ளே இருக்க முடியும் என்ற மாதிரி கட்டுவது, சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவருக்குப் பட்டுப்புடவை கட்டி சமையலறைக்கு அனுப்புவது போலத்தான்.

வெயில் எந்தப் பக்கம் வருகிறது?

வீடு கட்டிய அனுபவம் உள்ள எவருக்கும் தெரியும், தமிழ்நாட்டில் சூரியன் அநேகமாகத் தலைக்கு மேலேயே நிற்கிறது. அதனால் கட்டடத்துக்குள் இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான். அடுத்த இடம் மேற்குச் சுவருக்கு. காலை வெயில் படும் கிழக்குச் சுவர் அதற்கடுத்து. தெற்கு ஜன்னலுக்கு ஒரு நல்ல சன்ஷேடு போதும். வடக்குப் பக்க வெளிச்சம் மென்மையானது. படிப்பதற்கு அதைவிட நல்ல விளக்கு கிடையாது.

ஆகவே கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டு, அதன் நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க வேண்டும். மேற்குப் பக்கத்தில் வாசிப்பறையை வைக்கக் கூடாது. கழிப்பறை, மாடிப்படி, பழைய நாளிதழ்க் கட்டுகளைப் போட்டுவைக்கும் அறை எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். அவை வெயிலை வாங்கிக்கொண்டு வாசகரைக் காப்பாற்றும். இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட ஆகாது. வரைபடம் போடும் அன்றைக்கு முடிவெடுத்தால் போதும்.

கூரைக்கும் பெரிய வித்தை தேவையில்லை. அந்தக் காலத்தில் மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். இப்போது வெள்ளை நிற கூலிங் டைல்ஸ் கிடைக்கிறது. அதுவும் முடியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே சூடு குறையும். சோலார் பேனலை வைக்க வேண்டிய இடமும் இதுதான். அது மின்சாரம் தருவதோடு, கூரைக்குக் குடையாகவும் நிற்கிறது.

பிறகு காற்று. ஒரு ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு ஜன்னல் இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால், உச்சியில் வெளியேற வழி விட வேண்டும். சென்னை எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உயரமான கூரையும், மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் மறக்காது. கரன்ட் இல்லாமலே கட்டடத்துக்குள் வெளிச்சம் கொண்டுவரத் தெரிந்த காலம் அது. செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் செய்ததும் இதே வேலையைத்தான்.

இவ்வளவும் செய்த பிறகு ஃபேன். இங்கே ஒரு சின்னக் கணக்கு. பழைய மாடல் ஃபேன் ஒன்று ஏறக்குறைய 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடுகிறது. ஒரு 1.5 டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 1,500 வாட். அதாவது, ஒரு ஏ.சி. குடிக்கும் மின்சாரத்தில் 50 ஃபேன்கள் சுற்றும். மாடியில் சின்னதாக ஒரு சோலார் அமைப்பும் பேட்டரியும் இருந்தால், கரன்ட் போனாலும் இந்த ஃபேன்களும் எல்.இ.டி. விளக்குகளும் நிற்காது. ஏ.சி.க்காக என்றால் அந்த பேட்டரி சீக்கிரமே கைவிரித்துவிடும்.

புத்தகத்துக்குப் பிடித்தது, மனிதருக்குப் பிடித்தது

இதில் ஒரு சிக்கல் உண்டு. மனிதருக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும். புத்தகத்துக்கு இரண்டும் ஆகாது. நேர் வெயில் பட்டால் அட்டை வெளுக்கும், தாள் பழுப்பேறும். ஈரக்காற்று தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தூசு, பூச்சி, கரையான் எல்லாம் தனிக்கதை. இதைத் தெரிந்துதான் ஓலைச்சுவடிகளுக்கு நம் முன்னோர்கள் மஞ்சளும் வேப்பிலையும் வசம்பும் துணைக்கு வைத்தார்கள்.

தீர்வு, கோயில் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவே கருவறை, சுற்றிலும் பிரகாரம். புத்தக அலமாரிகள் நடுவில் இருக்கட்டும். வாசகர்கள் ஜன்னலோரம் சுற்றி உட்காரட்டும். அதற்கும் வெளியே அகலமான தாழ்வாரம் ஓடினால், வெயிலும் சாரலும் அங்கேயே நின்றுவிடும். மாலையில் அந்தத் தாழ்வாரத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லலாம். வாசகர் வட்டக் கூட்டம் நடத்தலாம். சத்தத்தால் உள்ளே படிப்பவருக்குத் தொந்தரவும் இல்லை.

தண்ணீர்க் கணக்கையும் பார்த்துவிடலாம். 3,000 சதுர அடி மொட்டை மாடி, வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் சென்னைப் பக்கம் என்றால், கூரையில் மட்டும் விழுவது 3,90,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக 3 லட்சம் லிட்டர் கைக்குக் கிடைக்கும். அதில் ஒரு பகுதியைத் தொட்டியில் பிடித்தால் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் ஆகும். மிச்சம் பூமிக்குள் இறங்கினால் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து பிழைக்கும்.

தண்ணீருக்கு இன்னொரு முகமும் உண்டு. வளரும் ஊர்களில் பாதி, ஏரியையும் வயலையும் தூர்த்து எழுந்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தெருவைவிட உயரமான அடிமட்டம், அலமாரியின் கடைசித் தட்டைக் காலியாக விடுவது, அரிய புத்தகங்களை மாடியில் வைப்பது ஆகியவற்றையும் பசுமைத் திட்டத்தில் சேர்க்கத்தான் வேண்டும். நனைந்து குப்பைக்குப் போன புத்தகத்தை எந்த சோலார் பேனலாலும் திருப்பித்தர முடியாது.

வெளியே என்ன செய்கிறார்கள்?

தைவான் தலைநகர் தைபேயில் பெய்தோ என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு பூங்காவுக்குள், 2006-ல் மரத்தால் ஒரு கிளை நூலகம் கட்டினார்கள். சுற்றிலும் பெரிய மரங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு மரவீடு மாதிரி நூலகம். ஆழமான பால்கனிகள், தரை வரை இறங்கும் ஜன்னல்கள், வெயிலை வடிகட்டும் மரச்சட்டங்கள். கூரையில் ஒரு பக்கம் சோலார், இன்னொரு பக்கம் புல். கூரையில் விழும் மழைநீர் செடிகளுக்கும் கழிப்பறைக்கும் போகிறது. புத்தக அலமாரிகளைக் குட்டையாகவே வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் அறையின் மறுமுனை வரை தடையில்லாமல் போக வேண்டும் என்பதற்காக. தைவானின் முதல் பசுமை நூலகம் அது. பால்கனி நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பதற்கே சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

சிங்கப்பூரின் கதையில் கொஞ்சம் வலியும் கலந்திருக்கிறது. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் 1960-ல் திறந்த செங்கல் நிற தேசிய நூலகம், சுரங்கச்சாலை ஒன்றுக்காக 2004-ல் இடிக்கப்பட்டது. அங்கே படித்து வளர்ந்த பலர் வேண்டாம் என்று குரல் கொடுத்தும் பலனில்லை. 2005-ல் விக்டோரியா தெருவில் புதிய நூலகம் திறந்தது. மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைத்தது. இரண்டு பெரிய தொகுதிகள், நடுவே வெளிச்சம் இறங்கும் உள்தெரு, வெளியே ஆறடி அகலம் வரை நீளும் வெயில் தடுப்புகள், மேல் தளங்களில் தோட்டங்கள். நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று என்பதால் தமிழ்ப் புத்தகங்களுக்கும் அங்கே இடம் உண்டு. பழைய கட்டடத்தின் செங்கற்கள் சிலவற்றைப் பத்திரப்படுத்தி, புதிய வளாகத்தில் ஒரு சுவராக எழுப்பியிருக்கிறார்கள்.

அந்தச் சுவர் ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறது. சிமென்ட்டையும் இரும்பையும் தயாரிக்கச் செலவான நெருப்பெல்லாம் ஒரு கட்டடத்துக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. இடித்தால் அத்தனையும் வீண். ஊரில் மூடிக்கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடமோ, ஓட்டு வீடோ உறுதியாக நின்றால், அதையே பழுதுபார்த்து நூலகமாக்குவது புதிதாகக் கட்டும் எந்தப் பசுமைக் கட்டடத்தையும்விடப் பசுமையானது.

இவ்வளவுக்கும் கோடிகள் வேண்டுமே என்று நினைப்பவர்கள் திருவனந்தபுரத்தைப் பார்க்கலாம். அங்கே லாரி பேக்கர் 1970-களில் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தில், நூலகம் உட்பட எல்லாமே பூசாத செங்கல். இடைவெளி விட்டு அடுக்கிய ஜாளிச் சுவர்கள் வழியாகக் காற்று வருகிறது, வெயில் வெளியே நிற்கிறது. அங்கிருந்த மரங்களுக்கு ஏற்ப சுவரை வளைத்துக் கட்டினார் பேக்கர். செலவைக் குறைப்பதே அவருடைய கைராசி.

சான்றிதழுக்குப் பிறகு

தமிழ்நாட்டிலும் பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 8 ஏக்கரில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், 'லீட்' என்ற சர்வதேசப் பசுமைக் கட்டட மதிப்பீட்டில் தங்கத் தரம் பெற்றது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கே ஒரு பிரிவு உண்டு. போட்டித் தேர்வு எழுதுபவர்கள் அதை நிரப்பிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த நூலகத்தின் பாதை நேராக இருக்கவில்லை. 2011-ல் அதை இடம் மாற்றி, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கும் முடிவு வந்தது. உயர் நீதிமன்றம் தடை போட்டது. பின்னர் பராமரிப்புக் குறைகள் பற்றிய புகாரும் நீதிமன்றப் படியேறியது. பசுமைச் சான்றிதழ் திறப்பு விழா நாளுக்கானது. அதற்கடுத்த வருடங்களைக் காப்பாற்றுவது வருடாந்திர நிதியும், கேள்வி கேட்கும் வாசகர்களும்தான்.

சின்ன நூலகத்துக்கு இது இன்னும் பொருந்தும். சோலார் பேனலில் தூசு படிந்தால் துடைப்பது யார்? மழைநீர்க் குழாயில் இலை அடைத்தால் எடுப்பது யார்? ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில் வென்டிலேட்டர் வைத்தால், அது ஒருமுறை மூடியதும் அப்புறம் திறக்கப்போவதில்லை. வரைபடத்தை இன்ஜினீயர் காட்டும்போது, அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் நூலகரும், தினமும் கூட்டிப் பெருக்கும் பணியாளரும். எந்த ஜன்னல் வழியாகச் சாரல் அடிக்கும், எந்த மூலையில் கரையான் ஏறும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இடமும் முக்கியம். ஊருக்கு வெளியே இலவசமாக நிலம் கிடைக்கிறது என்று அங்கே கொண்டுபோய்க் கட்டினால், வருகிற ஒவ்வொருவரும் பைக்கில் வர வேண்டும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்தது பெட்ரோலில் போய்விடும். பைக் இல்லாத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் வரவே மாட்டார்கள். பள்ளிக்கூடமும் பஸ் ஸ்டாப்பும் இருக்கும் தெருவில், நடந்து வரும் தூரத்தில் இருப்பதே நல்லது. வெளிச்சமான வாசல், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை, சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை. இவை இல்லாத கட்டடம் எவ்வளவு மின்சாரம் சேமித்தாலும் காலியாகத்தான் கிடக்கும். காலியான கட்டடத்தைவிடப் பெரிய வீண்செலவு எது?

ஊர் வளரும் என்பதால், இன்றைக்கே பெரிதாகக் கட்டி பூட்டிவைக்கவும் வேண்டாம். இன்னொரு மாடி தாங்கும் அஸ்திவாரம், நிலையான தடுப்புச்சுவர் இல்லாத ஹால், பக்கத்தில் விரிவாக்கத்துக்குக் கொஞ்சம் நிலம். அந்த நிலத்தில் அதுவரை வேம்பும் புங்கனும் நிற்கட்டும். ஐந்தாவது விதி சொன்ன வளரும் உயிருக்கு இடம் விட்டுவைப்பது இப்படித்தான்.

ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியவை

புதிய நூலகம் வரப்போகிறது என்று தெரிந்தால், கிராம சபையிலோ வார்டு கூட்டத்திலோ மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு எழுதும் மனுவிலோ இவற்றைக் கேட்கலாம்.

- மேற்குப் பக்கம் என்ன வருகிறது? வாசிப்பறையா, கழிப்பறையா?

- கரன்ட் போனால் எத்தனை ஃபேன் ஓடும்?

- மனையில் இப்போது நிற்கும் மரங்களில் எத்தனை மிஞ்சும்?

- மழைநீர் எங்கே போகிறது?

- பத்து வருடம் கழித்து இடம் போதாவிட்டால் எந்தப் பக்கம் கட்டுவீர்கள்?

- வருடாந்திரப் பராமரிப்புக்கு எவ்வளவு பணம், யாருடைய பொறுப்பு?

ஆறு கேள்விக்கும் பதில் சொல்ல இன்ஜினீயராக இருக்க வேண்டியதில்லை, கேட்பதற்கும்தான். கூட்டத்தில் எழுந்து கேட்கத் தயக்கமாக இருந்தால், வீட்டு வரி ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளலாம். நூலக வரி கட்டியதற்கான ஆதாரம் அதில் அச்சாகியிருக்கும்.